ட்ரோன் சர்வே படங்களைச் செயலாக்க எந்த மென்பொருள் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லைச் சுற்றி குவாரி, ஏரி, மனைப்பிரிவு என்று ட்ரோன் சர்வே செய்து வருகிறோம். புதிதாகத் தொழிலுக்கு வரும் இளைஞர்களும் போன் செய்வார்கள். டோட்டல் ஸ்டேஷனிலும் டிஜிபிஎஸ்ஸிலும் வருஷக்கணக்கில் அளந்துவிட்டு இப்போது ட்ரோனுக்கு மாறுகிற மூத்த சர்வேயர்களும் போன் செய்வார்கள். ட்ரோன் வாங்கும்வரை யாருக்கும் பெரிய குழப்பம் இல்லை. படங்களைக் கணினியில் இறக்கிய பிறகுதான் எல்லாக் கேள்வியும் வருகிறது. அடிக்கடி வருபவற்றுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

படம் எடுத்தாயிற்று. அதற்கு மேல் மென்பொருள் என்ன செய்கிறது?

ஒரு கல்லை இரண்டு இடங்களில் நின்று தியோடலைட்டில் (கோணம் அளக்கும் கருவி) பார்த்தால், இரண்டு பார்வைக் கோடுகளும் வெட்டும் இடத்தில் கல் இருக்கிறது. பழைய முக்கோண அளவை இதுதான். 1802-இல் சென்னை பரங்கிமலையிலிருந்து ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்டன் தொடங்கிய இந்தியப் பெரும் முக்கோண அளவையும் இந்தக் கணக்கில்தான் நடந்தது. ட்ரோன் மென்பொருள் அதையே பல லட்சம் புள்ளிகளுக்குச் செய்கிறது. 80 சதவீதம் ஒன்றன் மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களில், தரையில் கிடக்கும் ஒரே கல் எட்டு, பத்துப் படங்களில் தெரியும். மென்பொருள் அவற்றை அடையாளம் கண்டு, ஒவ்வொரு படமும் எங்கிருந்து, எந்தச் சாய்வில் எடுக்கப்பட்டது என்று கணக்கிடும். கேமரா லென்ஸின் வளைவையும் சேர்த்தே கணக்கிடும். அதன் பிறகு புள்ளி மேகம் (தரையைக் காட்டும் பல லட்சம் முப்பரிமாணப் புள்ளிகள்), உயர மாதிரி (ஒவ்வோர் இடத்தின் உயரமும் பதிந்த பரப்பு), ஆர்த்தோ படம் (நேர்மேலிருந்து பார்ப்பது போலத் திருத்தி ஒட்டிய, அளவெடுக்கக்கூடிய ஒரே படம்) என்று வரிசையாக உருவாகும்.

லென்ஸ் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்போகும் பெரிய தவறு ஒன்று அங்கிருந்துதான் கிளம்பியது.

சரி, எது நல்லது? ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள்.

பெயர் சொல்வதற்கு முன் நான் திருப்பிக் கேட்பது: கடைசியில் யார் கையில் எதைக் கொடுக்கப் போகிறீர்கள்? குவாரி முதலாளிக்கு எத்தனை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வெட்டியிருக்கிறது என்ற எண் வேண்டும். ஏரிக்கு அரை மீட்டர் காண்டூரும் (சம உயரக் கோடு) கொள்ளளவு அட்டவணையும் கேட்பார்கள். மனைப்பிரிவுக்கு ஆர்த்தோவை ஆட்டோகேடில் அடியில் போட்டு வரைவார்கள். செல்போன் கோபுரத்தைப் படம் பிடிப்பவருக்கு முப்பரிமாண மாதிரி வேண்டும். அவருக்குச் சிறந்தது உங்களுக்கும் சிறந்ததாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

எங்கள் அலுவலகத்தில் முதன்மையாக மெட்டாஷேப் புரொஃபஷனல், இரண்டாவதாக வெப்ஓடிஎம், சரிபார்க்க க்யூஜிஐஎஸ்ஸும் (வரைபட மென்பொருள்) கிளவுட்கம்பேரும் (புள்ளி மேகங்களை ஒப்பிடுவது). கடைசி இரண்டும் இலவசம். எதை வாங்கினாலும் அந்த இரண்டையும் கூடவே போட்டுக்கொள்ளுங்கள். செயலாக்கிய மென்பொருளே தன் துல்லியத்துக்குச் சான்று கொடுத்துக்கொள்வது எனக்குப் போதாது. வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும்.

சந்தையில் உள்ளவற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சர்வேக்காரர்கள் அதிகம் பேசுபவை மட்டும்.

பிக்ஸ்4டி, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து நிறுவனம். 2011-இல் அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்தது. பிக்ஸ்4டி மேப்பர் நம் ஊர் சர்வேயர்களுக்குப் பழகிய பெயர். ஆயிரக்கணக்கான படங்கள் கொண்ட பெரிய வேலைகளுக்கு பிக்ஸ்4டி மேட்டிக் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். இதன் தர அறிக்கை புரிந்துகொள்ள எளிது. தரக்கட்டுப்பாடு கேட்கிற பெரிய ஒப்பந்ததாரருக்கு வேலை செய்தால் அந்த ஓர் அறிக்கைக்காகவே இதை எடுக்கலாம்.

மெட்டாஷேப், ரஷ்யாவின் அஜிசாஃப்ட் தயாரிப்பு. முன்பு ஃபோட்டோஸ்கேன் என்ற பெயரில் இருந்தது. ஒருமுறை பணம் கட்டினால் உரிமம் நம்முடையது. ஒவ்வொரு படியிலும் கை வைத்துத் திருத்த இடம் கொடுக்கும். அதனாலேயே கற்றுக்கொள்ள நாள் பிடிக்கும்.

டிஜேஐ டெர்ரா, டிஜேஐ ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு வேகமானது. அவர்களுடைய லைடார் (லேசர் வீசித் தூரம் அளக்கும்) கருவிகளின் மூலத் தரவைப் பிரிக்க இதுதான் வழக்கமான வழி. ஆனால் 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதியை இந்திய அரசு தடை செய்துவிட்டது. முன்பே வாங்கியவர்கள் பறக்கவிடுகிறார்கள். நாளைக்கு இந்தியத் தயாரிப்பு ட்ரோனுக்கு மாறினால் அந்தப் படங்களை இதே உரிமம் ஏற்குமா என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ரியாலிட்டி கேப்சர், ஸ்லோவாக்கியாவில் பிறந்தது. 2021-இல் எபிக் கேம்ஸ் வாங்கியது, இப்போது ரியாலிட்டிஸ்கேன் என்று பெயர். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2024 முதல் இலவசம். வேகம் அசாத்தியம். என்விடியா கிராபிக்ஸ் அட்டை இருந்தே ஆக வேண்டும். கோவில் கோபுரம், சிற்பம், பழைய கட்டடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். நில அளவைக்கான வசதிகளும் உண்டு, ஆனால் சர்வேயரின் பழக்கத்துக்கு ஏற்ப அடுக்கியிருக்க மாட்டார்கள்.

ஓபன்ட்ரோன்மேப், முழுக்கத் திறந்த மூலம். வெப்ஓடிஎம் அதன் முகப்பு. இதைப் பற்றித் தனியாகக் கீழே.

பென்ட்லியின் ஐட்வின் கேப்சர், டிரிம்பிளின் யுஏஎஸ்மாஸ்டர், கனடாவின் கோரிலேட்டர்3டி எல்லாம் பெரிய நிறுவனங்களில் புழங்குபவை. இரண்டு மூன்று பேர் அலுவலகத்துக்கு அவற்றின் தேவை அரிது.

மெட்டாஷேப் ஸ்டாண்டர்டு விலை குறைவு. அதை வாங்கினால் போதாதா?

போதாது. இந்தத் தவறைச் செய்துவிட்டுப் போன் செய்தவர்கள் உண்டு. ஸ்டாண்டர்டு 200 டாலருக்கும் கீழே, புரொஃபஷனல் 3500 டாலரை ஒட்டி. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்று பார்க்க வேண்டும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி (தரையில் குறி வைத்து இடமும் உயரமும் அளந்த புள்ளி, சுருக்கமாகத் தரைப் புள்ளி), ஆயத்தொலை அமைப்பு, உயர மாதிரி, ஆர்த்தோ ஏற்றுமதி, கன அளவு எல்லாம் புரொஃபஷனலில் மட்டும். ஸ்டாண்டர்டு முப்பரிமாண மாதிரி செய்பவர்களுக்கானது. விலை மாறிக்கொண்டே இருக்கும், வரியும் சேரும். வாங்கும் நாளில் எழுத்தில் வாங்கிப் பாருங்கள்.

இலவச மென்பொருளை நம்பி அரசு வேலைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஏற்றுக்கொள்பவர் பார்க்க வேண்டியது துல்லிய அறிக்கையை. மென்பொருளின் விலை அதற்குள் வராது.

வெப்ஓடிஎம்மை டாக்கர் என்ற கருவி வழியாக நிறுவினால் செலவே இல்லை. விண்டோஸில் நேரடியாக நிறுவும் தயார் கோப்பு வேண்டுமென்றால் சிறு கட்டணம். தரைப் புள்ளிகளைத் தருவதற்கு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு போதும். முதல் வரியில் எந்த ஆயத்தொலை அமைப்பு என்று எழுதுவீர்கள். அடுத்தடுத்த வரிகளில் கிழக்கு, வடக்கு, உயரம், அந்தப் புள்ளி படத்தில் எந்த பிக்சலில் தெரிகிறது, எந்தப் படம் என்று வரிசையாக வரும். ஒரு புள்ளிக்குக் குறைந்தது மூன்று படங்களாவது கொடுங்கள். நான் ஐந்தாறு கொடுப்பேன்.

இதன் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய வேலையில் நினைவகத்தைத் தின்னும். நடுவில் நின்றால் காரணத்தை ஆங்கிலப் பதிவேட்டில் தேட வேண்டும். ஒரே மாதிரி வெறும் மணல், உழுத வயல், தண்ணீர் என்று வந்தால் படங்களைச் சேர்ப்பதில் மெட்டாஷேப் அளவுக்கு உறுதியாக இல்லை என்பது என் அனுபவம். குவாரி போல மேடும் பள்ளமும் உடைந்த பாறையும் நிறைந்த இடத்தில் இரண்டின் கன அளவும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கி வருகின்றன. கையில் பணம் இல்லாமல் தொடங்குபவர் இதிலேயே தொடங்கட்டும். கற்றுக்கொள்ளும் ஒவ்வொன்றும் பிறகு எந்த மென்பொருளுக்குப் போனாலும் உதவும்.

துல்லியத்தை எப்படி நம்புவது? எல்லா மென்பொருளும் 2 செ.மீ. என்றுதானே காட்டுகிறது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

தொழில் தொடங்கிய புதிதில் 60 ஏக்கர் ஏரி ஒன்றுக்குக் கொள்ளளவு எடுத்துக் கொடுத்தோம். கோடைக்காலம், ஏரி வற்றியிருந்தது. உள்ளே நடுப்பகுதி இன்னும் சேறு. கால் வைத்தால் முழங்கால்வரை போகும். அதனால் தரைப் புள்ளிகள் எட்டையும் கரையைச் சுற்றியே வைத்தோம். செயலாக்கினோம். புள்ளிகளில் பிழை 1.8 செ.மீ. என்று அறிக்கை வந்தது. சந்தோஷமாக அச்சடித்துக் கொடுத்துவிட்டோம்.

பொறியாளர் ஒருவர் காண்டூரைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஏரிக்கு நடுவில் மேடு எப்படி வரும்? தண்ணீர் கடைசியாக அங்கேதானே வற்றும்?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாள் காலை பலகை போட்டு, ரோவரை (கையில் எடுத்துச் செல்லும் ஜிபிஎஸ் அளவைக் கருவி) தூக்கிக்கொண்டு நடுவரைக்கும் போனோம். நடுவில் நின்று எடுத்த உயரத்தைவிட எங்கள் மாதிரி 20 செ.மீ. உயரமாக இருந்தது. கரையை நோக்கி வர வர வித்தியாசம் குறைந்து கரையில் சுழியம். கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல மொத்தத் தரையும் வளைந்திருந்தது.

முதலில் மென்பொருளைத்தான் குற்றம் சொன்னேன். அதே படங்களை வேறொரு மென்பொருளில் போட்டேன். அங்கேயும் தாம்பாளம். அப்போதுதான் புரிந்தது. நேர்கீழாக, ஒரே உயரத்தில், ஒரே திசையில் எடுத்த படங்களிலிருந்து லென்ஸின் வளைவைச் சரியாகப் பிரித்தெடுக்க எந்த மென்பொருளாலும் முடிவதில்லை. லென்ஸ் கணக்கில் விழுந்த சிறு பிழை தரையின் வளைவாக வெளியே வருகிறது. நடுவில் ஒரு புள்ளி இருந்திருந்தால் அது இழுத்துப் பிடித்திருக்கும், அல்லது காட்டிக் கொடுத்திருக்கும்.

சராசரியாக 10 செ.மீ. என்று வைத்தாலும் 60 ஏக்கரில் அது 24,000 கன மீட்டருக்கு மேல். நம் கணக்கில் 8,500 யூனிட் மண். தூர்வாரும் மதிப்பீடு அந்த எண்ணின் மேல் எழுதப்படுகிறது.

நடுவில் நான்கு புள்ளிகள் வைத்து, குறுக்காக ஒரு முறை கேமராவைச் சாய்த்துப் பறந்து, மறுபடி செய்து கொடுத்தோம். அறிக்கை காட்டிய 1.8 செ.மீ. பொய் இல்லை, கணக்குக்குள் கொடுத்த புள்ளிகளிலேயே பிழையை அளந்தால் அது எப்போதும் சின்னதாகத்தான் வரும். ஆகவே சில புள்ளிகளைக் கணக்குக்குக் கொடுக்காமல் ஒளித்து வைத்து, முடிந்த பிறகு அவற்றோடு ஒப்பிட வேண்டும். இவைதான் சரிபார்ப்புப் புள்ளிகள். மெட்டாஷேப்பில் அந்தப் புள்ளிக்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் அது சரிபார்ப்புப் புள்ளி ஆகிவிடும். பிக்ஸ்4டியில் புள்ளியின் வகையை மாற்ற வேண்டும். எந்த மென்பொருளாக இருந்தாலும், ரோவர் புள்ளிகளை க்யூஜிஐஎஸ்ஸில் உயர மாதிரியின் மேல் போட்டு ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கலாம். நான் இன்றைக்கும் இதைச் செய்யாமல் எதையும் அனுப்புவதில்லை.

எத்தனை புள்ளி வேண்டும்? அமெரிக்க ஒளிப்பட அளவியல் சங்கத்தின் 2023 தர நெறி குறைந்தது 30 சரிபார்ப்புப் புள்ளிகள் கேட்கிறது. சின்னக் குவாரியில் அது நடக்காது. ஐந்தாறு எடுத்து, அவற்றில் குறைந்தது இரண்டு நடுவில் விழும்படி வையுங்கள்.

எனவே மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் திறந்து பார்ப்பது சரிபார்ப்புப் புள்ளி எங்கே, அதன் பிழையைக் கிழக்கு, வடக்கு, உயரம் என்று தனித்தனியாகக் காட்டுகிறதா என்பதைத்தான். மொத்தமாக ஓர் எண் மட்டும் காட்டினால் உயரப் பிழை அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

எங்களுடையது ஆர்டிகே ட்ரோன். தரைப் புள்ளி தேவையில்லை என்றார்களே?

குறைவாகத் தேவை. அறவே தேவையில்லை என்று விற்பவர்தான் சொல்வார். ஆர்டிகே பறக்கும்போதே, பிபிகே பறந்து முடிந்த பிறகு, தரையில் நிற்கும் அடிநிலைய ஜிபிஎஸ்ஸை வைத்துத் திருத்தும். இரண்டும் படம் எடுத்த இடத்தைச் சில செ.மீ.க்குள் தருகின்றன. கிழக்கு, வடக்கு பெரும்பாலும் நன்றாக வரும். உயரத்தில் மொத்தமாக ஒரு நகர்வு இருக்கலாம், நடுவில் நாம் பார்த்த தாம்பாளமும் சிறிய அளவில் இருக்கலாம். ஒன்றிரண்டு தரைப் புள்ளியும் நான்கைந்து சரிபார்ப்புப் புள்ளியும் வைத்தால் நிம்மதி.

மென்பொருள் பக்கம் ஒரு நுணுக்கம் உண்டு. மெட்டாஷேப்பில் கேமரா இருப்பிடத்தின் துல்லியம் 10 மீட்டர் என்றே இயல்பாக இருக்கும். ஆர்டிகே படங்களைப் போட்டுவிட்டு அதை மாற்றாமல் விட்டால், கொடுத்த காசுக்கு வாங்கிய செ.மீ. துல்லியம் முழுவதும் வீண். படத்துக்குள் பதிந்திருக்கும் துல்லிய மதிப்பைப் படித்துக்கொள்ளச் சொல்லும் வசதி அமைப்புகளில் இருக்கிறது. படங்களை ஏற்றுவதற்கு முன் அதை இயக்கிவிடுங்கள்.

பிபிகே என்றால் அடிநிலையத்தின் ரைனெக்ஸ் கோப்பும் (ஜிபிஎஸ் மூலப் பதிவு) வேண்டும். அந்தக் கணக்கை ஆர்டிகேலிப், எம்லிட் ஸ்டுடியோ போன்ற இலவசக் கருவிகளிலேயே முடிக்கலாம். இந்திய நில அளவைத் துறையின் நிரந்தரத் தொடர் ஜிபிஎஸ் நிலையங்கள் உங்கள் வேலையிடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தச் சேவையையும் பாருங்கள்.

எங்கள் உயரம் எல்லாம் 90 மீட்டர் குறைவாக வருகிறது. மென்பொருள் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஜிபிஎஸ் தருவது, பூமியின் வடிவமாகக் கணக்கில் வைத்துக்கொண்ட நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம். பெஞ்ச்மார்க் கல்லில் இருப்பது கடல் மட்டத்திலிருந்து உயரம். அந்தக் கோளத்தைவிடக் கடல் மட்டம் உலகத்திலேயே மிகவும் தாழ்ந்து கிடக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. அங்கே 100 மீட்டருக்கும் மேல் தாழ்வு. அதற்குப் பக்கத்தில் இருப்பதால் தமிழ்நாட்டில் இரண்டு உயரங்களுக்கும் இடையே 80 முதல் 100 மீட்டர்வரை வித்தியாசம் வருகிறது. திண்டுக்கல்லில் 265 என்று எதிர்பார்க்கும் இடத்தில் 170-ஐ ஒட்டி ஓர் எண் வரும். கடற்கரையோரம் கழித்தல் குறியே வரும்.

ஜியாய்டு மாதிரியை (இடத்துக்கு இடம் இந்த வித்தியாசத்தைச் சொல்வது) ஏற்றித் தானே மாற்றிக் கொடுக்கிற மென்பொருள் வசதி. இஜிஎம் 2008 மாதிரியைப் பயன்படுத்தினாலும், பக்கத்து பெஞ்ச்மார்க்கில் ரோவரை வைத்து எடுத்து, மிச்ச வித்தியாசத்தைக் கழிப்பதே எங்கள் வழக்கம். பழைய லெவலோடு ஒப்பிடும் வேலையில் இதை விடவே கூடாது.

யுடிஎம் மண்டலம் 43-ஆ, 44-ஆ?

யுடிஎம் என்பது உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் ஆயத்தொலை அமைப்பு. 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கோவை, ஈரோடு, திருநெல்வேலி 43-இல். சேலம், கரூர், மதுரை, சென்னை 44-இல். திண்டுக்கல் ஊர் 43, ஊரைவிட்டுச் சில கிலோமீட்டர் கிழக்கே போய் நத்தம் பக்கம் வந்தால் 44. படத்தைப் பார்த்து மென்பொருள் தானாக ஒரு மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். நீங்கள் தரைப் புள்ளியை வேறு மண்டலத்தில் கொடுத்தால் புள்ளிகள் பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கும். இது உடனே கண்ணில் பட்டுவிடும்.

கண்ணில் படாதது இன்னொன்று. மண்டலத்தின் ஓரத்தில் யுடிஎம் நீளத்தை இழுத்துக் காட்டும். எங்கள் பகுதியில் தரையில் 1 கிலோமீட்டர் அளந்தால் யுடிஎம்மில் அது சுமார் 90 செ.மீ. கூடுதலாக வரும். 12 ஏக்கர் நிலத்தில் இரண்டு சென்ட் கூடிவிடும். பட்டாவில் உள்ள பரப்பையும் உங்கள் ஆர்த்தோ பரப்பையும் வைத்துக்கொண்டு நில உரிமையாளர் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். அதனால் உள்ளூர் ஆயத்தொலை அமைப்பில் வேலை செய்ய இடம் தருகிறதா என்று வாங்குமுன் கேளுங்கள். பிக்ஸ்4டியும் மெட்டாஷேப்பும் தருகின்றன.

என்ன கணினி வேண்டும்?

500 படங்கள்வரை என்றால் 32 ஜிபி நினைவகமும் 8 ஜிபி உள்ள என்விடியா அட்டையும் போதும். 1500 படத்தைத் தொடுவீர்கள் என்றால் 64 ஜிபி. எஸ்எஸ்டி இல்லாமல் தொடங்க வேண்டாம்.

யுபிஎஸ்ஸை மறந்துவிடாதீர்கள். ராத்திரி ஓடவிட்டுப் போவோம், இரண்டு மணிக்கு மின்சாரம் போகும், காலையில் வந்து பார்த்தால் ஒன்றுமிருக்காது. ஒவ்வொரு படி முடிந்ததும் தானாகச் சேமிக்கும் தொகுப்பு ஓட்டம் மெட்டாஷேப்பில் இருக்கிறது. வெப்ஓடிஎம்மில் நின்ற படியிலிருந்து தொடரலாம்.

தரத்தை எப்போதும் உச்சத்தில் வைக்காதீர்கள். ஆழப் படத்தின் (ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடுவது) தரத்தை ஒரு படி குறைத்தால் கணக்கிட வேண்டிய பிக்சல்கள் நான்கில் ஒன்றாகிவிடும். ஜல்லிக் குவியலின் கன அளவுக்கு நடுத்தரமே போதும்.

மேகக் கணினிச் சேவையில் ஏற்றினால் கணினிச் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான், ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று பதிவேற்றம். 20 மெகாபிக்சல் படம் 600 என்றால் 5, 6 ஜிபி வரும். 20 எம்பிபிஎஸ் வேகம் கிடைத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். குவாரிப் பக்கத்து லாட்ஜில் 4 எம்பிபிஎஸ் கிடைத்தால் மூன்று மணி நேரத்துக்கு மேல்.

இரண்டாவது சட்டம், இது பலருக்குத் தெரியாது. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அரசு வெளியிட்ட புவியிடத் தரவு நெறிமுறைப்படி, கிடைமட்டத்தில் 1 மீட்டரையும் உயரத்தில் 3 மீட்டரையும் விடத் துல்லியமான தரவை இந்திய நிறுவனங்கள் மட்டுமே உருவாக்கலாம். அதை இந்தியாவுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், செயலாக்க வேண்டும். நம் ட்ரோன் வேலை எல்லாமே அந்த அளவைவிடத் துல்லியமானது. ஆகவே ட்ரோன்டிப்ளாய், புரொப்பெல்லர் போன்ற சேவையை எடுக்குமுன், உங்கள் கணக்கின் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசு வேலை என்றால் இதில் சலுகையே வேண்டாம்.

தென்னந்தோப்பும் சீமைக் கருவேலமும் நிறைந்த இடத்தில் தரை உயரம் எடுக்க எந்த மென்பொருள்?

எதுவும் எடுக்காது. கேமராவுக்குத் தரை தெரியாவிட்டால் கணக்கில் தரை வராது. தனித்தனி மரங்கள், இடையில் வெட்டவெளி என்றால் தரையைப் பிரிக்கும் வடிகட்டி நன்றாக வேலை செய்யும். கிளவுட்கம்பேரில் துணியைப் போர்த்துவது போலக் கணக்கிடும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது. புள்ளி மேகத்தைத் தலைகீழாகத் திருப்பி மேலிருந்து துணியைப் போட்டால் துணி எங்கே படிகிறதோ அது தரை. அடர்ந்த கருவேலங்காட்டில் லைடார் வேண்டும், அல்லது ரோவரைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்குள் நடக்க வேண்டும்.

குவாரி கன அளவுக்கு எதைப் பார்த்து வாங்குவது?

அடிமட்டத்தை எப்படித் தேர்ந்தெடுக்க விடுகிறது என்று பாருங்கள். குவியலைச் சுற்றிக் கோடு வரைந்தால் அந்தக் கோட்டின் உயரங்களை இணைத்து அடியைக் கணக்கிடுவது ஒரு வகை, ஒரே தட்டையான மட்டத்தை எடுப்பது இன்னொரு வகை. சரிவான தரையில் இரண்டும் வேறு வேறு எண் தரும். வெட்டிய குழிக்குப் போன முறை எடுத்த பரப்பையும் இந்த முறை எடுத்த பரப்பையும் கழிக்க வேண்டும். பழைய பரப்பை உள்ளே ஏற்ற முடியாத மென்பொருள் குவாரிக்கு ஆகாது.

மென்பொருள் கன மீட்டரில் தரும். 100 கன அடி ஒரு யூனிட், அதாவது 2.83 கன மீட்டர். 2000 சதுர மீட்டர் குவியலில் 5 செ.மீ. உயரப் பிழை என்றால் 100 கன மீட்டர், 35 யூனிட். வெட்டிய அளவை வைத்துத்தான் அபராதமும் உரிமைத் தொகையும் கணக்காகின்றன என்பதால், என் எண்ணுக்குக் கீழே எப்போதும் உயரப் பிழையை எழுதி, அதனால் எத்தனை யூனிட் கூடலாம் குறையலாம் என்றும் எழுதிவிடுவேன். முதலில் முகம் சுளித்தவர்கள் இப்போது அந்த வரியைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

சிமென்ட் ஆலைச் சுண்ணாம்புச் சுரங்கம் போன்ற பெரிய வேலை கிடைத்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். 2021 நவம்பரில் திருத்தப்பட்ட கனிமப் பாதுகாப்பு விதிகளின்படி, 50 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள, அல்லது ஆண்டுக்கு 10 லட்சம் டன்னோ அதற்கு மேலோ வெட்டும் திட்டமுள்ள குத்தகைகள் எல்லைக்கு வெளியே 100 மீட்டர்வரை சேர்த்து ஆண்டுதோறும் ட்ரோன் படம் கொடுக்க வேண்டும். அந்த 100 மீட்டரால் படங்களின் எண்ணிக்கை நீங்கள் நினைத்ததைவிட நிறையக் கூடும். கணினியையும் உரிமத்தையும் அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

நண்பர் ஒருவர் கிராக் செய்த பதிப்பு தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். உங்கள் கையெழுத்தோடு போகும் அறிக்கை அது. நாளை வழக்கு என்று வந்தால் எதில் செயலாக்கினீர்கள் என்ற கேள்வி வரும். இலவசமாகவே வெப்ஓடிஎம் இருக்கும்போது இந்த ஆபத்துக்கு அவசியமே இல்லை.

சோதனைப் பதிப்பை இறக்கிவிட்டேன். எப்படி ஒப்பிடுவது?

மாதிரிக்கு அவர்கள் தரும் படங்களை ஓட்டாதீர்கள். அவை எதிலும் அழகாகத்தான் வரும். நீங்களே ஓர் இடம் எடுங்கள். ஐந்து ஹெக்டேர் போதும். அதில் கொஞ்சம் பாறை, கொஞ்சம் வெறும் தரை, ஒரு தகரக் கூரை, இரண்டு மரம் இருக்கட்டும். 70 மீட்டர் உயரத்தில் பறந்தால் 1 அங்குல சென்சார் கேமராவில் பிக்சலுக்கு 2 செ.மீ.க்குச் சற்றுக் கீழே, 200-க்கு மேல் படங்கள் வரும். சுண்ணாம்பு அடித்துப் பத்துப் புள்ளிகள் வைத்து ரோவரில் எடுங்கள். நான்கைக் கணக்குக்குக் கொடுங்கள், ஆறை ஒளித்து வையுங்கள். அதே படங்கள், அதே நான்கு புள்ளிகள், எல்லா மென்பொருளிலும்.

பிறகு நான்கு எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: ஒளித்து வைத்த ஆறில் உயரப் பிழை, ஒரு குவியலின் கன அளவு, ஓடிய நேரம், நீங்கள் உட்கார்ந்து கை வைத்த நேரம். கடைசி எண்ணைப் பலரும் எழுதுவதில்லை. ராத்திரி கணினி எட்டு மணி நேரம் ஓடினால் யாருக்கும் நஷ்டமில்லை. புள்ளிகளைக் குறிக்க நீங்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் மறுநாள் வேலை போகிறது.

ஆர்த்தோவில் தகரக் கூரையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு நேராக வருகிறதா, பற்கள் போலக் கடித்து வருகிறதா என்று தெரியும். மனைப்பிரிவு வேலைக்கு வரைபவர் அந்த ஓரத்தைத்தான் கிளிக் செய்யப் போகிறார்.